கொடுத்தவள் ஏமாளியா?

2018ஆம் வருஷம் தாம்பரத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். சாவித்திரியின் வாழ்க்கையைத் தெலுங்கில் 'மகாநடி' என்றும் தமிழில் 'நடிகையர் திலகம்' என்றும் படமாக எடுத்து வெளியிட்டிருந்த நேரம் அது. பழைய சினிமா பற்றிப் பேசக் கூட்டியிருந்தார்கள். மேடையில் பேசியவர் படித்தவர். முற்போக்காளர் என்று பெயரெடுத்தவர். முதல் அரைமணி நேரம் எம்.ஜி.ஆர். பற்றிப் பேசினார். மூச்சுக்கு மூச்சு 'வள்ளல்' என்றார். அப்புறம் சாவித்திரிக்கு வந்தார். முடிக்கும்போது சொன்னார்: "நல்ல மனுஷி. ஆனா ஏமாளி. கையில இருந்ததையெல்லாம் அள்ளிக் குடுத்துட்டு ஒண்ணுமில்லாம செத்துப்போச்சு. குடுக்கறதுக்கும் ஒரு புத்தி வேணும் இல்லீங்களா?"

கூட்டம் சிரித்தது. என் பக்கத்தில் இருந்த தோழரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்க அம்மா ஞாபகம் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே காரியத்தை ஒரு ஆண் செய்தால் வள்ளல், ஒரு பெண் செய்தால் ஏமாளி. இதை யார் முடிவு செய்தது? அந்த மேடையில் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. இங்கே கேட்கிறேன். அதோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஒரு சேரிப் பெண் அதே காரியத்தைச் செய்தால் அதற்கு என்ன பெயர்? அதற்குப் பெயரே கிடையாது. இந்தக் கட்டுரை அந்தப் பெயரில்லாமை பற்றியது.

1

சாவித்திரி குண்டூர் பக்கத்தில் சிர்ராவூர் என்ற ஊரில் பிறந்தவர். பிறந்த ஆறு மாதத்தில் அப்பா செத்துப்போனார். பெரியம்மா வீட்டில் வளர்ந்தார். நாட்டியம் கற்று, நாடகம் ஆடி, சின்னப் பெண்ணாகச் சென்னைக்கு வந்து ஸ்டூடியோ வாசல்களில் நின்றவர். 1951இல் 'பாதாள பைரவி'யில் ஒரு சின்ன நடனம். 1953இல் 'தேவதாஸ்'. 1955இல் 'மிஸ்ஸியம்மா'. தெலுங்கு 'மிஸ்ஸம்மா'வில் பானுமதி விலகியதால் காலியான இடம் இவருக்கு வந்தது. 1957இல் 'மாயாபஜார்'. 1960இல் 'களத்தூர் கண்ணம்மா', 1961இல் 'பாசமலர்', 1963இல் 'கற்பகம்', 1964இல் 'நவராத்திரி', 1965இல் 'திருவிளையாடல்'. பத்துப் பதினைந்து வருஷம் தெலுங்கிலும் தமிழிலும் அவர் முகம் இல்லாத சுவர் கிடையாது.

நடித்ததோடு நிற்கவில்லை. 1968இல் 'சின்னாரி பாப்பலு' என்ற தெலுங்குப் படத்தைப் பெண்கள் சேர்ந்து எடுத்தபோது அவர்தான் இயக்குநர். 1969இல் தமிழில் 'குழந்தை உள்ளம்'. 1971இல் 'பிராப்தம்' படத்தைத் தானே தயாரித்துத் தானே இயக்கினார். அது ஓடவில்லை. சொத்து போனது. வருமான வரிப் பிரச்சினை சேர்ந்துகொண்டது. தி.நகர் அபிபுல்லா சாலை வீடு போனது. குடி வந்து சேர்ந்தது. 1980இல் நினைவிழந்து படுத்தவர் பத்தொன்பது மாதம் எழவேயில்லை. 1981 டிசம்பர் 26 அன்று செத்துப்போனார். ஐம்பது வயசுகூட ஆகவில்லை.

இவர் கல்யாணம் செய்துகொண்ட ஜெமினி கணேசன் எங்கள் தாம்பரத்துக்கும் கொஞ்சம் சொந்தக்காரர். சினிமாவுக்கு முன்னால் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர், அங்கேயே வேதியியல் துறையில் வேலையும் பார்த்தவர். 1937இல் தாம்பரத்துக்கு வந்த கல்லூரி அது. ஏற்கெனவே மனைவி உள்ளவரை 1952இல் ரகசியமாகக் கட்டிக்கொண்டார் சாவித்திரி. அதைப் பற்றி ஊர் இன்றைக்கும் பேசுகிறது. பேசும்போது ஆணைக் 'காதல் மன்னன்' என்று கொஞ்சுகிறது, பெண்ணை 'ஏமாந்தவள்' என்கிறது. கொடுத்ததிலும் அவள் ஏமாளி, காதலித்ததிலும் அவள் ஏமாளி. பொதுப்புத்திக்கு அகராதி ஒன்றுதான்.

2

அவர் கொடுத்தது பற்றிப் பல கதைகள் உண்டு. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1965 பாகிஸ்தான் போரின்போது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியைப் பார்க்கப் போனவர், தான் போட்டிருந்த நகைகளையெல்லாம் அங்கேயே கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1962 சீனப் போரின்போது எம்.ஜி.ஆரும் போர் நிதிக்குப் பெரிய தொகை கொடுத்தார். மழையில் நனையும் ரிக்‌ஷாக்காரர்களுக்கு மழைக்கோட்டு கொடுத்தார். இல்லையென்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கோட்டைப் போட்டவர்களில் எங்கள் சொந்தக்காரர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அந்தக் கொடை எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்டதில் கழுத்தில் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார் எம்.ஜி.ஆர். அந்தக் கட்டோடு எடுத்த படம் சுவரொட்டியாக வந்தது. தொகுதிக்கு வராமலேயே எங்கள் பக்கத்துப் பரங்கிமலையில் ஜெயித்தார். 1971இல் திரும்பவும் அதே பரங்கிமலை. 1977இல் முதலமைச்சர். 1987இல் சாகும்வரை முதலமைச்சர். கொடுத்தது ரசிகர் மன்றமானது, மன்றம் கட்சியானது, கட்சி ஆட்சியானது. கொடுத்த கை நிரம்பியது.

சாவித்திரி கொடுத்தது என்னவானது? அவருக்கு மன்றம் கிடையாது, கட்சி கிடையாது. ஒரு பெண் நடிகையைச் சுற்றி ஆண்கள் கட்சி கட்ட மாட்டார்கள், அவளுடைய சீட்டாட்டத்தில்தான் பங்கு கேட்பார்கள். கொடுத்த கை காலியானதும் கதை முடிந்தது.

இந்த இடத்தில் வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் சொல்ல வேண்டும். ஆட்ரி ஹெப்பர்ன் என்ற ஹாலிவுட் நடிகை. 1988இல் யுனிசெஃப் தூதராகி எத்தியோப்பியாவுக்குப் போனார். 1992இல், சாவதற்குச் சில மாதம் முன்னால், சோமாலியாவுக்குப் போனார். அவர் பணக்கார மனசோடு பரிதாபப்பட்டுப் போனவர் இல்லை. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை நெதர்லாந்தைப் பட்டினி போட்டபோது அங்கே பசியில் கிடந்த சிறுமி அவர். போர் முடிந்து வந்த நிவாரணச் சாப்பாட்டை வாங்கித் தின்றவர். பசி தெரிந்தவள் பசித்தவனிடம் போனாள். அவரை யாரும் ஏமாளி என்று சொல்லவில்லை. ஏன்? பின்னால் ஒரு உலக அமைப்பு நின்றது. கணக்கு இருந்தது, ஆவணம் இருந்தது, அவர் போன பிறகும் தொடர ஆள் இருந்தார்கள்.

அப்படியானால் ஏமாளித்தனம் கொடுத்தவளுடைய மண்டையில் இல்லை. அவளுக்குப் பின்னால் அமைப்பு இல்லை, அவ்வளவுதான். எம்.ஜி.ஆருக்கு இருந்தது, ஹெப்பர்னுக்கு இருந்தது, சாவித்திரிக்கு இல்லை. இதைச் சொல்லத் தெரியாதவர்கள் 'புத்தி வேணும்' என்று பேசிவிட்டுப் போகிறார்கள்.

3

இதையெல்லாம் சொல்வதால் சாவித்திரியை நமக்கு ஒரு அம்மன் ஆக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தலித் வாசகன் எதையும் மறுவாசிப்பு செய்யாமல் விழுங்கக் கூடாது.

'மிஸ்ஸியம்மா'வையே எடுத்துக்கொள்வோம். மேரி என்ற ஏழைக் கிறித்தவப் பெண், வேலைக்காக ஒரு இந்து ஆணோடு புருஷன் பெண்டாட்டி மாதிரி நடிக்கிறாள். உண்மையிலேயே காதல் வருகிறது. இப்போது என்ன செய்வது? மதம் குறுக்கே நிற்கிறது. கதை எப்படி அவிழ்க்கிறது தெரியுமா? மேரி மேரியே இல்லை. சின்ன வயசில் தொலைந்துபோன ஜமீன்தார் மகள். பிறப்பால் மகாலட்சுமி. பிறப்பு சரியாகிவிட்டது, கல்யாணம் சரியாகிவிட்டது, எல்லாரும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் எத்தனை மேரிகள் இருந்தார்கள்! பெயர் மாறினால் தெரு மாறும் என்று நம்பி ஞானஸ்நானம் வாங்கிய பறையர் வீட்டு மேரிகள். அவர்களைத் தேடி எந்த ஜமீன்தாரும் வரவில்லை. அவர்கள் மேரியாகவே வாழ்ந்து, கல்லறையிலும் தனி மூலையில் புதைந்தார்கள். கலகம் செய்வதுபோல் ஆரம்பித்துப் பிறப்பின் காலில் போய் விழுகிற சினிமா இது. சாவித்திரியின் நடிப்பு எவ்வளவு அழகோ அவ்வளவு அழகாக அந்த விழுதல் மறைக்கப்பட்டது.

அது நடிகையின் குற்றம் இல்லை. ஆனால் அந்தத் திரையில் அழுவதற்கு எந்த முகத்துக்கு அனுமதி இருந்தது, எந்த முகத்துக்கு இல்லை என்பதை நாம் பேசித்தான் ஆக வேண்டும். பேசினால் ரோசியிடம்தான் போய் நிற்போம்.

பி.கே. ரோசி. ராசம்மா என்ற பெயரோடு திருவனந்தபுரத்தில் பிறந்த புலையர் வீட்டுப் பெண். புல்லறுத்துப் பிழைத்தவர். காக்காரிசி நாடகம் ஆடியவர். அகஸ்தீசுவரத்துக்காரரான ஜே.சி. டேனியல் எடுத்த முதல் மலையாளப் படம் 'விகதகுமாரன்'. அதில் கதாநாயகி ரோசி. போட்ட வேடம் நாயர் பெண் சரோஜினி. படம் வெளிவந்த வருஷம் 1928 என்றும் 1930 என்றும் ஆய்வாளர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஆனால் வெளிவந்த அன்றைக்கு நடந்ததில் இரண்டு விதம் இல்லை. திருவனந்தபுரம் கேபிடல் கொட்டகையில் அந்தப் பெண்ணை உள்ளே உட்கார வைத்தால் நாங்கள் வரமாட்டோம் என்றார்கள் பெரிய மனிதர்கள். தான் நடித்த படத்தை அவர் பார்க்க முடியவில்லை. ஒரு புலையச்சி நாயர் பெண்ணாக நிற்பதா, அவள் தலைப் பூவை நாயகன் தொடுவதா என்று திரையில் கல்லடித்தார்கள். அப்புறம் குடிசைக்குத் தீ வைத்தார்கள். அவர் ஒரு லாரியில் ஏறித் தப்பித்துத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தார். அந்த லாரி ஓட்டியவரையே கட்டிக்கொண்டு நாகர்கோவிலில் ராசம்மாளாக வாழ்ந்து 1988இல் செத்துப்போனார். பிள்ளைகள் அப்பாவின் சாதியில் வளர்ந்தார்கள். அம்மா நடிகை என்ற பேச்சே அந்த வீட்டில் இல்லை.

வேடத்தில்கூட மேல்சாதிப் பெண்ணாக நிற்கக் கூடாது. அந்தக் காலத்துத் தீர்ப்பு அது. சாவித்திரிக்குப் புகழ் வந்து, சொத்து வந்து, எல்லாம் போனது. ரோசிக்கு எதுவும் வருவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். கொடுப்பதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? மனிதநேயப் பட்டியலில் ஏன் நம் பெண்கள் பெயர் இல்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். முதலில் தீ வைத்தவனிடம் கேளுங்கள்.

டேனியல் பெயரில் 1992 முதல் கேரள அரசு விருது கொடுக்கிறது. ரோசி பெயரை வெளியே கொண்டுவரக் குன்னுகுழி எஸ். மணி போன்றவர்கள் தனி ஆளாக அலைய வேண்டியிருந்தது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வரைந்தது. சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்தியிருக்கிறது. செத்து முப்பது வருஷம் கழித்து வந்த மரியாதை. வந்தவரைக்கும் சரி. ஆனால் இது அவரைத் துரத்தியவர்கள் கொடுத்த மரியாதை இல்லை, நாம் எடுத்துக்கொண்ட மரியாதை.

4

இப்போது 'கொடை' என்பதையே பேசுவோம். கொடுப்பவர் படத்தில் நிற்கிறார். வாங்குகிறவர் யார்? நாம்தான். சினிமாவிலும் சரி, பத்திரிகைப் படத்திலும் சரி, நமக்கு ஒதுக்கிய வேடம் கையேந்தும் வேடம்.

2015 டிசம்பர் 1 ராத்திரி தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். ஒரே நாள் கணக்கு. அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் முங்கியது. எங்கள் தெருவிலும் இடுப்புக்கு மேல் தண்ணீர். மூன்றாம் நாள் ஒரு வேன் வந்தது. சோற்றுப் பொட்டலம். கொடுத்தவர் பொட்டலத்தை என் கையில் வைத்தார், ஆனால் விடவில்லை. "சார், கேமராவ பாருங்க" என்றார் பக்கத்தில் இருந்த பையன். நான் பார்த்தேன். பசி. அந்தப் படம் எங்கேயாவது இருக்கும். அதில் அவர் வள்ளல், நான் பயனாளி. அந்த வெள்ளத்தில்தான் நிவாரணப் பொட்டலங்கள்மேல் முதலமைச்சர் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டிய கூத்தும் நடந்தது. அவரும் ஒரு காலத்தில் நடிகை.

அதே வாரம் வேறு ஜில்லாக்களிலிருந்து ஆயிரக்கணக்கான துப்புரவுத் தொழிலாளர்களைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். அழுகின மெத்தையையும், செத்த மாட்டையும், மலத்தையும் வெறுங்கையால் அள்ளினார்கள். இந்த நகரத்துக்குத் தொற்றுநோய் வராமல் காத்தவர்கள் அவர்கள். அவர்கள் யார், எந்தச் சாதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2013லேயே கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் புதுச் சட்டம் வந்துவிட்டது. எந்த மேடையிலாவது அவர்களை 'மனிதநேயர்' என்று யாராவது சொன்னார்களா? சம்பளம் வாங்குகிறான், அள்ளுகிறான் என்றார்கள். கோடி ரூபாய் சம்பளம் வாங்குகிறவர் ஒரு நாள் பொட்டலம் கொடுத்தால் மனிதநேயம். நூறு இருநூறுக்கு உயிரைக் கொடுப்பவன் செய்தால் அது அவன் தொழில். இதுதான் சாதியின் கணக்கு.

வெள்ளத்துக்குப் பிறகு நடந்தது என்ன? ஆற்றங்கரைக் குடிசைக்காரர்களைப் பிடுங்கிக் கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் போட்டார்கள். வேலை ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரியில் செய்ததையே திரும்பவும் செய்தார்கள். ஆற்றை அடைத்துக் கட்டிய பெரிய கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. இரக்கத்தோடு பொட்டலம் கொடுத்த கையும், வீட்டைப் பிடுங்கிய கையும் ஒரே உடம்பின் இரண்டு கைகள்.

அண்ணல் அம்பேத்கர் இதை 1932லேயே சொல்லிவிட்டார். தீண்டாமை ஒழிப்புக்கென்று காந்தி தொடங்கிய அமைப்பின் செயலாளர் ஏ.வி. தக்கருக்கு அந்த வருஷம் நவம்பரில் கப்பலிலிருந்து ஒரு நீளமான கடிதம் எழுதினார். நாலு பேரைத் தேர்ந்தெடுத்து உதவி செய்து நல்லவர்களாக்குவது உங்கள் வேலையாக இருக்கக் கூடாது, கிணற்றில் தண்ணீர் எடுக்க, பள்ளியில் உட்கார, தெருவில் நடக்க, குடியுரிமைக்காக ஊர் ஊராகப் போராடுங்கள், சண்டை வந்தாலும் பரவாயில்லை என்பது அதன் சாரம். அந்த அமைப்பு கேட்கவில்லை. அரிசன சேவை என்று போய்விட்டது. அன்பு காட்டியே ஒரு மக்களின் போராட்டத்தைக் கொன்றுவிட முடியும் என்று அவர் பிற்காலத்தில் எழுதியதற்கு இந்த அனுபவம்தான் அடிப்படை.

எங்கள் செங்கல்பட்டுக்காரர்களுக்கு இதைப் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. கலெக்டர் திரமென்கீர் 1891இல் அறிக்கை எழுதி, அதன்பேரில் 1892இல் வந்த ஆணையால் கிடைத்தது பஞ்சமி நிலம். அது தர்மம் இல்லை, உரிமை. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டுக் காரணையில் நின்றவர்கள் ஜான் தாமசும் ஏழுமலையும். 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் அவர்கள் உயிர் போனது. பொட்டலம் கேட்டால் கேமரா வரும். நிலம் கேட்டால் துப்பாக்கி வரும்.

5

கடைசியாக எங்க அம்மா.

அம்மா கிட்டத்தட்ட சாவித்திரி வயசு. குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கே அந்தப் பெயர் வந்தது. அதைச் சுற்றிப் பல்லாவரம், நாகல்கேணியில் கிளம்பிய தோல் கம்பெனிகளில் ஒன்றில் அம்மாவுக்கு வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலைத் தூக்கிப் போடுகிற வேலை. கை விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக வெடித்திருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போவார்கள். அந்த நாற்றத்தோடு அம்மா போய்ப் பார்த்தது ஒரே ஒரு ஆளைத்தான், சாவித்திரியை. டெண்டுக் கொட்டகையில் மண்ணில் உட்கார்ந்து 'பாசமலர்' ஏழு தடவை பார்த்ததாகச் சொல்லும். சாவித்திரி செத்த சேதி ரேடியோவில் வந்த அன்றைக்கு அம்மா வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் கூலி போச்சு.

1991 அம்பேத்கர் நூற்றாண்டில்தான் நான் இயக்கத்துக்கு வந்தேன். புதுசாகப் படித்தவன் எல்லாரையும் திருத்தப் பார்ப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு டிவியில் பழைய படம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது. நான் எல்லார் முன்னாடியும் கத்தினேன். "சினிமாக்காரிக்கு எதுக்கு அழுவுறே? அவ நமக்கு இன்னா செஞ்சா? நகையக் கழட்டி டெல்லியிலதான குடுத்தா, சேரியிலயா குடுத்தா?"

அம்மா திரும்பிப் பார்த்தது. கோபமே இல்லை. "நமக்குக் குடுத்தான்னு நான் சொன்னனாடா? குடுத்தவளுக்கு இல்லாம போச்சே, ஒருத்தனும் வந்து பாக்கலியே, அதுக்கு அழுவுறேன். குடுத்துட்டு இல்லாம நிக்கறது இன்னான்னு எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியத்தான் செய்தது, மறந்திருந்தேன். 1978இல் கம்பெனியில் கூட வேலை செய்த பெண்ணுக்குக் கை வெந்துபோனது. முதலாளி ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பத்து ரூபாய் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார். அன்றைக்கு ராத்திரி அம்மா காதில் இருந்த கம்மலைக் கழற்றிச் சேட்டுக் கடையில் வைத்தது. எங்கள் வீட்டில் இருந்த தங்கம் மொத்தமும் அவ்வளவுதான். அதை மூட்டவேயில்லை. காது ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்கத் தொடப்பக் குச்சி சொருகிக்கொண்டு வேலைக்குப் போனது, சாகிறவரைக்கும். அதைப் பார்த்துத் தெருவில் என்ன சொன்னார்கள்? "பைத்தியக்காரி." அப்பாவும் சொன்னார். நானும் சொன்னேன். எனக்குக் காலேஜ் பீஸ் கட்டப் பணம் இல்லாதபோது சொன்னேன்.

சாவித்திரி பிரதமரிடம் கழற்றியதும் நகைதான். அம்மா சேட்டுக் கடையில் கழற்றியதும் நகைதான். கொடுத்த அளவைச் சொல்லவில்லை, மிச்சம் வைத்ததைச் சொல்கிறேன். அம்மாவிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு ஆவணம் இல்லை, புகைப்படம் இல்லை. தன்னைப் போல் இன்னொருத்தி என்று அம்மா திரையில் கண்டுபிடித்தது சாவித்திரியை. நான் அதைக் கொச்சைப்படுத்தினேன். ஆதிக்கச் சாதிக்காரன் மேடையில் 'ஏமாளி' என்றபோது எனக்குச் சுட்டது அதனால்தான். அந்த வார்த்தையை அவனுக்கு முன்னால் நான் என் தாயிடம் சொல்லியிருக்கிறேன்.

6

சரி, என்ன செய்ய வேண்டும்?

ஒன்று, 'பயனாளி' என்ற வார்த்தையை நாம் ஏற்கக் கூடாது. வெள்ளத்தில் வரும் சோறு தர்மம் இல்லை, நம் வரிப்பணம், நம் உரிமை. சாக்கடைக் குழியில் செத்தவன் குடும்பத்துக்கு 2014இல் உச்சநீதிமன்றம் 10 லட்சம் என்றது, 2023இல் 30 லட்சம் ஆக்கியது. அதைக் கொடுப்பவர் வள்ளல் இல்லை, கடன்காரர். கடனைக் கட்டும்போது நாம் கையெடுத்துக் கும்பிட வேண்டியதில்லை.

இரண்டு, நம்மில் கொடுப்பவர்கள் தனியாகக் கொடுத்து அழியக் கூடாது. சாவித்திரியின் வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம் 'கொடுக்காதே' என்பது இல்லை, 'சேர்ந்து கொடு' என்பது. அம்மாவின் கம்மல் போன அன்றைக்கு அந்தக் கம்பெனியில் ஒரு சங்கம் இருந்திருந்தால் செலவை முதலாளி கட்டியிருப்பான். 2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் சேர்ந்து மாநகராட்சி ஆகிவிட்டது. அதன் குப்பையை அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சங்கம் கட்டுவதுதான் இன்றைக்கு இந்தப் பக்கத்தில் உண்மையான மனிதநேயம்.

மூன்று, எழுதுங்கள் தோழர்களே. மாணவர்களைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன். ரோசியின் நம்பத்தகுந்த புகைப்படம் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. கூட்டக் காட்சிக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் இறக்கிவிடப்பட்ட நம் தெருப் பெண்களின் பெயர் எந்த எழுத்தோட்டத்திலும் இல்லை. அவர்களில் சிலர் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்கள். கிழவிகள். போய் உட்காருங்கள். கேளுங்கள். யாருக்கு என்ன கொடுத்தாய், எதை இழந்தாய், யார் உன்னைப் பைத்தியக்காரி என்றார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற பாஷையிலேயே எழுதுங்கள்.

எங்க அம்மாவை நான் கேட்கவில்லை. 2009இல் போய்விட்டது. காதில் அந்தக் குச்சியோடுதான் எடுத்துக்கொண்டு போனோம்.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பேச்சாளர் திரும்பவும் 'ஏமாளி' என்றால் நான் எழுந்திருப்பேன். இந்தத் தடவை சும்மா இருக்க மாட்டேன்.